தலைகீழாய்க் கிடந்த மண்

குழியின் அடியிலிருந்து ஒரு டொபி உறை வந்தது.

வெள்ளிப் பளபளப்பு இன்னும் போகாத உறை. ஓரத்தில் சிவப்புக் கோடு. தேய்ந்த தேக்கரண்டியால் அதைக் கெல்லி எடுத்த பிள்ளை, இரண்டு விரல்களுக்கு நடுவே பிடித்து எல்லோருக்கும் தெரியும்படி உயர்த்தினாள். ஈர மண் அவள் மணிக்கட்டில் வழிந்தது.

"டீச்சர், இது ஆகக் கீழ இருந்துச்சு டீச்சர்."

"நீர்யானை தின்ன டொபிடா!" என்று, காலையில் நீர்யானைப் பல்லின் வார்ப்பைத் தொட்டுப் பார்த்திருந்த ஒருவன் பின்னாலிருந்து கத்தினான். வகுப்பு முழுவதும் சிரித்தது.

சிரிக்காதவர்கள் மூன்று பேர். குழியோரத்தில் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்ற நிஸ்தார் சேர் ஒருவர். கல்வி அலுவலகத்திலிருந்து விஞ்ஞானப் பாடத்தைப் பார்வையிட வந்தவர். கையில் வெண்கட்டியோடு பிள்ளைகளுக்கு முன்னால் நின்ற ஸ்டெல்லா டீச்சர் இன்னொருவர். மூன்றாவது ஆள் நான்.

சவுக்கு மரத்தில் சாய்த்து வைத்திருந்த கரும்பலகையில், ஸ்டெல்லா டீச்சரின் முத்துப் போன்ற எழுத்தில் இப்படி இருந்தது: 'கீழே உள்ள மண்படை பழையது. மேலே உள்ள மண்படை புதியது.'

அந்த வசனத்தை அவருக்குக் கொடுத்தவள் நான்தான்.

டீச்சருக்கே டீச்சர்

இந்தத் தொடரை வாசிக்கிறவர்கள் சிலர், "நீங்கள் உண்மையில் என்ன வேலைதான் பார்க்கிறீர்கள்?" என்று கேட்டிருந்தார்கள். நியாயமான கேள்வி. எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்து வீடுகளிலேயே அதற்குப் பல பதில்கள் இருக்கின்றன.

அப்பா ஃபெக்டரியில் கொழுந்து வாட்டும் மாடியில் வேலை செய்கிறவர். யாராவது கேட்டால் "கல்லு சம்பந்தமா" என்று சொல்லி நிறுத்திக்கொள்வார். அம்மா அப்படியில்லை. கொழுந்து நிறுக்கும் வரிசையில் முன்னால் நிற்பவருக்கும் பின்னால் நிற்பவருக்கும் கேட்கும்படி சொல்வாள்: "எம் பொண்ணு டீச்சருக்கே டீச்சரு."

"அப்ப டீச்சருங்களுக்கு அடியும் போடுவாளாக்கும்?" என்று ராசாத்தி சித்தி ஒருநாள் கேட்டிருக்கிறாள்.

"தேவைன்னா போடுவா," என்றாளாம் அம்மா.

நான் யாரையும் அடிப்பதில்லை. பல்கலைக்கழகத்தில் புவிச்சரிதவியல் படித்தேன். அது பாறைகளின் கதையைப் படிப்பது. இப்போது கண்டியில் ஒரு சிறு நிறுவனத்தில், தோட்டத்துப் பாடசாலைகளிலும் கிராமத்துப் பாடசாலைகளிலும் விஞ்ஞானம் படிப்பிக்கிற ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுக்கிறேன். என் கருவிகள் ஓர் அட்டைப் பெட்டிக்குள் அடங்கிவிடும். இரத்தினபுரி மாணிக்கக் குழிகளில் கிடைத்த நீர்யானைப் பல்லின் பிளாஸ்டர் வார்ப்பு. யாழ்ப்பாணத்துச் சுண்ணாம்புக்கல்லில் ஒரு துண்டு, அதன் உடம்பெல்லாம் சிப்பித் தடங்கள். தூரிகைகள், தேக்கரண்டிகள், ஒரு பூதக்கண்ணாடி.

கண்டி குட்செட் பஸ் நிலையத்தில் ஒருமுறை பஸ் ஏறும்போது கண்டக்டர் பெட்டியைத் தூக்கிப் பார்த்து, உள்ளே என்ன என்று சிங்களத்தில் கேட்டார். பல் என்றேன். யாருடைய பல் என்றார். நீர்யானையுடையது என்றேன். பெட்டியை மெதுவாகக் கீழே வைத்துவிட்டு, மாத்தளை வீதி முழுவதும் என் பக்கமே திரும்பாமல் டிக்கட் கொடுத்துக்கொண்டு போனார்.

பள்ளிக்கூடத்தைக் கடைசி வகுப்பு வரைக்கும் பார்த்த முதல் ஆள் எங்கள் குடும்பத்தில் நான்தான். அந்தப் பெருமை எனக்கு உண்டு. அடக்கமாக இரு என்று பலர் சொல்லியிருக்கிறார்கள். அவர்கள் வீட்டில் நான்கு தலைமுறையாகப் படித்திருப்பார்கள்.

எலும்பில்லாத மலை

இந்தப் பயிற்சியில் ஒரு சங்கடம் இருக்கிறது. அதை முதல் நாளே ஆசிரியர்கள் பிடித்துவிட்டார்கள்.

உயிர்ச்சுவடு என்றால் ஒரு காலத்து உயிர் கல்லில் விட்டுப்போன தடம். எலும்பு, ஓடு, இலை, காலடி, எதுவாகவும் இருக்கலாம். அதை வைத்து விஞ்ஞானம் படிப்பிக்கலாம் என்று நான் அரை மணி நேரம் உற்சாகமாகப் பேசி முடித்ததும், ரவி சேர் கையை உயர்த்தினார். உடுதெனியப் பக்கம் தோட்டப் பாடசாலை ஒன்றில் படிப்பிக்கிறவர்.

"மிஸ், நம்ம தோட்டத்துல தோண்டினா என்ன கெடைக்கும்?"

"உயிர்ச்சுவடா? ஒன்றும் கிடைக்காது சேர்."

கண்டியைச் சுற்றியுள்ள பாறைகள் பூமிக்குள் வெகு ஆழத்தில் வெந்து, நசுங்கி, பிறகு மேலே வந்தவை. எலும்பு என்ற ஒன்றே உலகத்தில் இல்லாத காலத்தில் உருவானவை. அவற்றில் எதையும் தேடிப் பயனில்லை. இதையெல்லாம் விளக்கினேன்.

"அப்ப யாழ்ப்பாணத்துக்கு இருக்கு, இரத்தினபுரிக்கு இருக்கு," என்றார் ரவி சேர். "நமக்கு எப்பவும் போல ஒண்ணும் இல்ல. சரி, எழுதிக்கிறோம்."

மண்டபமே சிரித்தது. நானும் சிரித்தேன். ஆனால் அந்தப் பகிடி எனக்குள் எங்கேயோ போய்த் தைத்தது.

பிறகு அவர்களை மண்டபத்துக்கு வெளியே கூட்டிக்கொண்டு போய், வராந்தாவின் சிமெந்துத் தரையைக் காட்டினேன். சிமெந்து ஈரமாக இருந்தபோது ஒரு நாய் நடந்து போயிருந்தது. நடந்ததா, ஓடியதா? எந்தப் பக்கம் போனது? சிமெந்து இறுகும் முன்பா, பின்பா? எப்படித் தெரியும்? கேள்வி கேட்கக் கேட்க எல்லோரும் குந்திவிட்டார்கள். சேலை தரையில் படுவதைக்கூட யாரும் கவனிக்கவில்லை. ஓடிய நாய் என்று ஒரு கூட்டம், நொண்டி நாய் என்று இன்னொரு கூட்டம்.

ஆய்வுகூடம் இல்லாத பள்ளிக்கூடங்களுக்கு நான் இதைத்தான் கொண்டு போகிறேன். கண்முன் கிடக்கிற தடத்தைப் பார்ப்பது, நடந்திருக்கக்கூடியதைச் சொல்வது, ஏன் அப்படிச் சொல்கிறோம் என்று காட்டுவது.

கழுவி அடுக்கிய காலம்

அன்று பிற்பகல் பேசின் பாடம். ஒரு பிளாஸ்டிக் பேசினில் அடியில் மணல், அதன் மேல் தேயிலைத் தூள், அதற்கு மேல் செம்மண் என்று படைபடையாகப் போட்டு, ஒவ்வொரு படையிலும் சில வார்ப்புகளையும் சிப்பிகளையும் புதைத்து வைப்பேன். ஆசிரியர்கள் தூரிகையால் மெல்ல மெல்லத் தோண்ட வேண்டும். ஒவ்வொரு பொருளும் எந்தப் படையில், எந்தப் பக்கம் கிடந்தது என்று படம் வரைந்த பிறகுதான் வெளியே எடுக்க வேண்டும். கிடந்த இடம் தெரியாத எலும்பு, முகவரி கிழிந்த கடிதம் மாதிரி.

இதை மூன்று தடவை சொன்னேன். பிறகு தேநீரோடு கொடுக்க மாலுபாண் வந்துவிட்டதா என்று பார்க்க வெளியே போனேன்.

திரும்பி வந்தபோது பேசின்கள் காலி. மேசைமேல் விரித்த பத்திரிகைத் தாளில் எல்லா வார்ப்புகளும் பளிச்சென்று கழுவித் துடைத்து, சிறியதிலிருந்து பெரியதாக வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றுக்கும் பெயர்ச்சீட்டு. மேலே 'உயிர்ச்சுவடுக் கண்காட்சி' என்று தலைப்பு. தலைப்பைச் சுற்றி யாரோ பூ வேலைப்பாடு கூட வரைந்திருந்தார்.

தோட்டப் பாடசாலையில் படித்தவர்களுக்கு இது புரியும். அதிகாரி வருகிறார் என்றால் இரண்டு நாளைக்கு முன்பே எல்லாவற்றையும் கழுவி, அடுக்கி, பெயர் ஒட்டி வைப்போம். அந்தப் பழக்கம் எங்கள் கையில் ஊறிப்போனது. யார் சொன்னாலும் சொல்லாவிட்டாலும் கை தன்பாட்டில் கழுவும்.

"ஏன் கழுவினீங்க?" என்று கேட்டேன்.

பெயர்ச்சீட்டு எழுதியவர் எழுந்து நின்றார். நாற்பது வயது இருக்கும். கழுத்தில் மெல்லிய சிலுவைச் சங்கிலி. "கழுவாம வச்சா அசிங்கமா இருக்குமே மிஸ்," என்றார்.

அவர்தான் ஸ்டெல்லா டீச்சர்.

ஒன்பதோடு முடிகிற பள்ளிக்கூடம்

ஸ்டெல்லா டீச்சர் கட்டுகஸ்தோட்டைக்காரர். படித்தது தமிழும் கிறிஸ்தவமும். அலவத்துகொடைக்கு மேலே உள்ள ஒரு தோட்டப் பாடசாலைக்கு மாற்றலாகி வந்தபோது, விஞ்ஞானத்துக்கு ஆள் இல்லை என்று பாடசாலை அதிபர் அந்தப் புத்தகங்களையும் அவர் கையில் கொடுத்துவிட்டார். இரவு புத்தகத்தைப் பார்த்துக் குறிப்பு எடுப்பார். காலையில் அதைப் பிள்ளைகளுக்குச் சொல்லச் சொல்ல அவர்கள் எழுதுவார்கள். யாராவது கேள்வி கேட்டால், "அது பெரிய வகுப்புல வரும்" என்பார்.

பெரிய வகுப்பு அந்தப் பள்ளிக்கூடத்தில் இல்லை. ஒன்பதோடு சரி.

அடுத்த ஆண்டு பத்தாம் வகுப்பு தொடங்க வேண்டும் என்று பெற்றோர் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். மற்றப் பாடங்களுக்கு ஆள் இருந்தது. தடை விஞ்ஞானம் ஒன்றுதான். நிஸ்தார் சேர் ஒருமுறை வந்து ஸ்டெல்லா டீச்சரின் வகுப்பில் கடைசி வாங்கில் உட்கார்ந்தார். பாடம் முடிந்ததும் ஒரு பிள்ளையின் கொப்பியைப் புரட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னாராம்: "கொப்பிக்கு நல்லாத்தான் படிப்பிச்சு ஈக்கிறீங்க டீச்சர். புள்ளைக்கு?"

இன்னொரு பாடத்தைப் பார்ப்பதாகவும், அதற்குப் பிறகுதான் பத்தாம் வகுப்பைப் பற்றித் தன் முடிவைச் சொல்வதாகவும் கூறிவிட்டுப் போயிருந்தார். அவர் வேண்டாம் என்றால் பிள்ளைகள் கீழே டவுன் பாடசாலைக்குப் போக வேண்டும். விடியும் முன்பே நடந்து இறங்கி, பஸ் பிடித்து. ஆண்பிள்ளைகளில் சிலர் போவார்கள். பெண்பிள்ளைகள் என்ன ஆவார்கள் என்று எனக்கு யாரும் சொல்லத் தேவையில்லை.

எங்கள் தோட்டத்துப் பள்ளிக்கூடமும் ஒன்பதோடு முடிந்தது. என் அக்கா என்னைவிடக் கெட்டிக்காரி. கணக்கை மனதில் போட்டுவிட்டு, வாத்தியார் பலகையில் போட்டு முடிக்கும் வரைக்கும் யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருப்பாள். ஒன்பது முடிந்த அன்று அவளுடைய பள்ளிக்கூடமும் முடிந்தது. அவள் பெயிலாகவில்லை, யாரும் போகாதே என்று சொல்லவுமில்லை. அடுத்த வகுப்பு அங்கே இல்லை, அவ்வளவுதான். நான் ஒன்பது முடிக்கும்போது அக்கா கண்டியில் சேலைக் கடையில் நின்றாள். அவளுடைய வாடகை அறையில் அவளோடு படுத்துக்கொண்டுதான் நான் பத்தாம் வகுப்புக்குப் போனேன்.

பயிற்சி முடிந்து சில வாரங்களுக்குப் பிறகு ஸ்டெல்லா டீச்சர் தொலைபேசியில் கூப்பிட்டார். நிஸ்தார் சேர் வருகிற நாள் தெரிந்துவிட்டது. மண்படைப் பாடத்தை எடுக்கப் போகிறாராம். பேசினில் அல்ல, உண்மையான குழியில்.

"நீங்களும் வாங்க மிஸ். பக்கத்துல நின்னா போதும்."

"நிச்சயமா வாறேன் டீச்சர்."

"வாய மட்டும் தெறக்காதீங்க. நீங்க தெறந்தா நான் மூடிக்குவேன். எனக்கு என்னைத் தெரியும்."

கோல் கம்பத்தடி

குழி தோண்டும் இடத்தைத் தேர்ந்தெடுத்தது நான். மலையில் தட்டையான இடம் கிடைப்பது பெரும்பாடு. விளையாட்டுத் திடலில், பள்ளத்துப் பக்கத்துக் கோல் கம்பத்தடி எனக்கு வசதியாகத் தெரிந்தது. முதல் நாளே இரண்டு தகப்பன்மார் அலவாங்கும் மண்வெட்டியும் கொண்டுவந்து இடுப்பளவு வெட்டிக் கொடுத்துவிட்டார்கள். பிள்ளைகள் சுவரைத் துப்புரவாக்கி, படைகளை வரைந்து, அடியில் கொஞ்சம் தோண்டிப் பார்த்தால் போதும். கீழே பழையது, மேலே புதியது. பேசினில் ஒருபோதும் பிழையாகாத பாடம்.

அப்போதுதான் டொபி உறை வந்தது.

"ஸ்டெல்லா டீச்சர்," என்றார் நிஸ்தார் சேர். "பலகையில என்ன எழுதி ஈக்குது?"

டீச்சர் வாசித்தார்.

"அப்ப இந்த டொபி, மேல ஈக்கிற மண்ணவிடப் பழசு. அப்பிடித்தானே?"

என் மூளை வேகமாக ஓடியது. மேலிருந்து விழுந்திருக்கும். எலி வளை இருந்திருக்கும். யாரோ விளையாட்டுக்குச் செருகியிருப்பார்கள். மூன்றில் எதைச் சொன்னாலும் நிலைமையைச் சமாளிக்கலாம். நான் வாயைத் திறந்தேன்.

ஸ்டெல்லா டீச்சர் என் பக்கம் திரும்பவேயில்லை. இடது கையை மட்டும் இடுப்பளவில் உயர்த்தி, உள்ளங்கையை எனக்குக் காட்டினார். சத்தம் போடுகிற பிள்ளைகளுக்குக் காட்டுகிற அதே கை. நான் வாயை மூடிக்கொண்டேன்.

"தெரியல சேர்," என்றார்.

ஒரு பாடசாலையில், அதிகாரிக்கு முன்னால், ஒரு டீச்சர் அந்தச் சொல்லைச் சொல்லி நான் கேட்டதில்லை. பிள்ளைகளும் கேட்டிருக்க மாட்டார்கள். சிரிப்பு அப்படியே அடங்கிவிட்டது.

"தெரியலியா?"

"தெரியல. இதுங்களுக்கும் தெரியல. பாத்துட்டுச் சொல்றோம் சேர்."

டீச்சர் குழிப் பக்கம் திரும்பினார்.

"வெண்ணிலா, அது எந்த மண்ணுல இருந்துச்சு?"

உறையை வைத்திருந்த பிள்ளைதான் வெண்ணிலா. ஒன்பதாம் வகுப்பு. உறையைச் சட்டையில் துடைக்கப் போனாள்.

"தொடைக்காத! மண்ணோடயே வை. எந்த மண்ணு?"

"கறுப்பு மண்ணு டீச்சர்."

"அதுக்கு மேல?"

"செவப்பு."

"அதுக்கும் மேல?"

"மஞ்சக் கல்லு. பிஸ்கட் மாதிரி நொறுங்குது."

"தேயிலைக்குப் பள்ளம் வெட்டுறப்ப மொதல்ல எந்த மண்ணு வரும்?"

"கறுப்புதான்," என்றார்கள் பல பேர்.

"கறுப்பு மேலதானே இருக்கணும்? இங்க ஏன் கீழ போச்சு?" அந்தக் கேள்வியை அவரும் அப்போதுதான் கேட்டுக்கொண்டார் என்று நினைக்கிறேன். "ஓடுங்க. ரோட்டுக்கு மேட்ட வெட்டின எடத்துல போய் எது மேல எது கீழன்னு பாத்துட்டு வாங்க. நடந்து... ஏய், நடந்து போங்க!"

யாரும் நடக்கவில்லை. நிஸ்தார் சேரை ஏற்றி வந்த ஆட்டோக்காரர், வெட்டுமேட்டில் முகத்தை ஒட்டவைத்துக்கொண்டு நின்ற பிள்ளைகளைப் பார்த்து வண்டியிலிருந்து இறங்கிவிட்டார்.

மூச்சு வாங்கத் திரும்பி வந்தார்கள். "அங்க கறுப்பு மேல டீச்சர்! செவப்பு நடுவுல. மஞ்சக் கல்லு அடியில."

"இங்க?"

"தலகீழா இருக்கு."

"தலகீழா நிப்பாட்டினது யாரு?"

"பேயி," என்றான் ஒருவன். அவன் தலையில் ஒரு குட்டு விழுந்தது.

வெண்ணிலா குழிக்குள்ளிருந்தபடியே திடலின் மேட்டுப் பக்கம் பார்த்தாள். பிறகு பள்ளத்துப் பக்கம் பார்த்தாள். "கிரவுண்டு வெட்டினப்ப!" என்று கத்தினாள். "டீச்சர், நீங்க அப்ப வரல. இது முந்தி கிரவுண்டு இல்ல. சரிவு. எங்கப்பா, இவங்கப்பா, எல்லாரும் சிரமதானம் செஞ்சி அந்த மேட்ட வெட்டி இந்தப் பள்ளத்துல கொட்டினாங்க. நான் சின்னப் பிள்ள. அம்மாவோட வந்தேன். எல்லாருக்கும் டொபி குடுத்தாங்க."

"அப்ப அது நீ தின்ன டொபி!"

"நான் கீழ போடல! கவர அம்மாகிட்டதான் குடுத்தேன்!"

ஸ்டெல்லா டீச்சர் மூன்று கொப்பிகளை வாங்கினார். கறுப்பு அட்டை மேலே, சிவப்பு நடுவே, மஞ்சள் அடியில். "இதுதான் அந்த மேடு," என்றார். பிறகு மேலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துப் பக்கத்தில் வைத்தார். முதலில் கறுப்பு. அதன்மேல் சிவப்பு. அதன்மேல் மஞ்சள். எல்லோரும் பார்த்துக்கொண்டே இருந்தார்கள்.

இந்தக் கொப்பி வித்தையை நான் அவருக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. எனக்கே தெரியாது.

நிஸ்தார் சேர் சப்பாத்தைக் கழற்றினார். காலுறையைச் சுருட்டி உள்ளே வைத்தார். காற்சட்டையை முழங்காலுக்கு மடித்துக்கொண்டு குழிக்குள் இறங்கினார். மஞ்சள் கல்லை நகத்தால் கீறினார், செம்மண்ணை அழுத்தினார், கறுப்பு மண்ணைக் கிள்ளி மோந்தும் பார்த்தார்.

"மகள், இங்க வாங்க," என்றார் வெண்ணிலாவிடம். "இப்ப செல்லுங்க. எது பழசு? மேல ஈக்கிறதா, கீழ ஈக்கிறதா?"

அவள் மஞ்சள் கல்லையும் கறுப்பு மண்ணையும் மாறி மாறித் தொட்டுப் பார்த்தாள்.

"மேல இருக்க கல்லுதான் சேர் பழசு. ஆனா அதுதான் கடைசியா வந்துச்சு. ரெண்டயும் கேக்கணும்."

"ரெண்டயும் எண்டா?"

"எம்புட்டு வயசுன்னும் கேக்கணும். இங்க எப்ப வந்துச்சுன்னும் கேக்கணும்."

கண்டியில் எந்த அரசாங்கக் கந்தோருக்குப் போனாலும் என் பெயரைக் கேட்டவுடன் சொந்த ஊர் எது என்று கேட்பார்கள். தோட்டத்தின் பெயரைச் சொன்னால், அதற்கு முன்பு எங்கே என்பார்கள். குழிக்குள் நின்ற அந்தப் பிள்ளையைப் பார்த்தபோது ஏனோ அது நினைவுக்கு வந்தது. ரவி சேரும் நினைவுக்கு வந்தார். நம்ம தோட்டத்தில் தோண்டினால் என்ன கிடைக்கும் என்று கேட்டாரே. எங்கள் ஆட்கள் ஒரு மலையையே தலைகீழாகப் புரட்டிப் போட்ட தடம் கிடைக்கும் சேர். பிள்ளைகள் பந்து விளையாடுவதற்காகப் புரட்டியது.

ஸ்டெல்லா டீச்சர் பலகையில் இருந்த வசனத்தை அழிக்கவில்லை. அதன் முன்னால், இடுக்கிய எழுத்தில், 'யாரும் புரட்டாத இடத்தில்' என்று சேர்த்தார்.

வாய் திறக்காதவள்

ஆசிரியர் அறையில் பிளேன்டீ வந்தது. நிஸ்தார் சேரின் பாதங்களில் மண் காய்ந்து வெடித்திருந்தது. அதிபரும் வந்து உட்கார்ந்துகொண்டார். ஸ்டெல்லா டீச்சர் சங்கிலிச் சிலுவையைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார்.

"நீங்க யாரு?" என்றார் சேர் என்னைப் பார்த்து.

சொன்னேன். படித்த படிப்பையும் சேர்த்துச் சொன்னேன்.

"இந்தப் பாடத்தில நீங்க என்ன செஞ்சீங்க?"

அந்தக் குழியை அந்த இடத்தில் வெட்டச் சொன்னதைத் தவிர நான் எதுவும் செய்யவில்லை. "வாயைத் திறக்கல சேர்," என்றேன்.

ஸ்டெல்லா டீச்சருக்குத் தேநீர் புரையேறியது. சேரின் முகத்திலும் ஏதோ அசைந்தது. உடனே அடங்கியும் விட்டது.

"டீச்சர், இண்டைக்கு எனக்கு முன்னால தெரியாது எண்டு சென்னீங்க."

"ஆமா சேர்."

"இன்னும் எத்தனை பாடத்தில அப்பிடிச் செல்லுவீங்க?"

அதிபர் கதிரையில் நெளிந்தார். நான் கோப்பைக்குள் பார்த்துக்கொண்டிருந்தேன். இந்தக் கேள்விக்குச் சரியான பதில் 'இனிமேல் சொல்ல மாட்டேன் சேர்' என்பதுதான் என்று அங்கே இருந்த எல்லோருக்கும் தெரியும்.

"தெரியாத எல்லாப் பாடத்துலயும் சொல்லுவேன் சேர்," என்றார் ஸ்டெல்லா டீச்சர்.

நிஸ்தார் சேர் கோப்பையைக் கீழே வைத்துவிட்டுக் காலுறையைத் தேடினார்.

"அப்ப வார வருசம் பத்தாம் வகுப்பிலயும் அப்பிடியே செல்லுங்க," என்றார். "குழியைச் சுத்தி வேலி போடுங்க அதிபர். புள்ளை குட்டி விழுந்துரும். மூடிராதீங்க. மத்த ஸ்கூல் டீச்சர்மாரையும் அனுப்புறேன். இவங்களே காட்டட்டும்."

இவங்க என்று அவர் கை காட்டியது என்னையல்ல. ஒரு கணம் எனக்குச் சுருக்கென்றது. மறைப்பானேன். பயிற்சி கொடுப்பது என் வேலை, என் பெட்டி, என் நீர்யானைப் பல். ஆனால் ஸ்டெல்லா டீச்சர் அந்தச் சிலுவையை விட்டுவிட்டு இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டார். அதைப் பார்த்த பிறகு சுருக் எல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை.

கண்டிக்கு வந்து இறங்கியதும் நேரே அக்காவின் கடைக்குப் போனேன். பின்னேரக் கூட்டம். ஒரு தாயும் மகளும் கல்யாணச் சேலை பார்த்துக்கொண்டிருந்தார்கள். அக்கா ஒன்றை விரிப்பதும் இன்னொன்றை மடிப்பதுமாக இருந்தாள். அவள் மடிக்க மடிக்க, மேசையின் மறுபக்கம் நின்று நான் முழுக் கதையையும் சொன்னேன். டொபி உறைக்குச் சிரித்தாள். வாய் திறக்காத கதைக்கு இன்னும் சத்தமாகச் சிரித்தாள். "ஒன்ன அடக்கவும் ஒரு ஆளு வந்துருச்சா," என்றாள்.

பிறகு கேட்டாள்: "அந்தப் பிள்ள எத்தினாம் வகுப்பு?"

"எந்தப் பிள்ள?"

"ரெண்டயும் கேக்கணும்னு சொல்லுச்சே, அது."

"ஒன்பது."

அக்காவின் கை மடிப்பில் அப்படியே நின்றது. அந்தத் தாய் "மத்தக் கலரக் காட்டுங்க" என்றதுகூட அவள் காதில் விழவில்லை.

"ஒன்பதா," என்றாள். "அப்ப அது பத்துக்குப் போகும்."

சொல்லிவிட்டு, மடித்துக்கொண்டிருந்த சேலையை வைத்தாள். தட்டிலிருந்து அடுத்த சேலையை எடுத்து, அந்தப் பெண்களுக்கு முன்னால் மேசையின் நீளத்துக்கும் ஒரே வீச்சில் விரித்தாள்.